உப்பு எங்கள் அம்மாக்களின் கையிலிருந்து வரவில்லை

சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்த ஆரோக்கிய தினத்தைப் பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை பேருக்குக் கோபம் வரும் என்று நினைக்கவில்லை. வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லவில்லை. "உங்கள் வீட்டு பிரஷர் எல்லாம் உங்கள் அம்மாவின் உப்புக் கரண்டியில்தான் தொடங்குகிறது" என்று மேடையில் பேச வந்தவர் சொன்னார். முன்வரிசை சிரித்தது. கமிட்டிக்காரர்கள் கை தட்டினார்கள். அந்த நேரத்தில், விடியற்காலையிலிருந்து முன்னூறு பேருக்குச் சமைத்த பெண்கள் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் முடிந்து போகும்போது ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். உள்ளே என்ன இருந்தது? சிப்ஸ் பாக்கெட், இரண்டு நூடுல்ஸ், ஒரு சூப் பவுடர், குழம்பில் ருசிக்குக் கரைக்கும் ஸ்டாக் கட்டி. ஆரோக்கிய தினத்துக்கு வந்தவர்களுக்கு ஆரோக்கிய தினத்தின் பரிசு! மேடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா? அம்மாவின் கரண்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசியவருக்கு அந்தப் பையைப் பற்றிப் பேச அரை நிமிடம் கிடைக்கவில்லை.

என் கருத்து இவ்வளவுதான், திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நாம் சாப்பிடும் உப்பில் பெரும்பங்கு நம் அடுப்புக்கு வருவதற்கு முன்பே, தொழிற்சாலையிலேயே போடப்பட்டுவிடுகிறது. அதை அம்மா போடவில்லை, அம்மாவால் எடுக்கவும் முடியாது.

கடையில் வாங்கும் ரொட்டியிலிருந்து, அதாவது பிரெட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ரொட்டி உப்புக் கரிப்பதே இல்லை. யாரும் அதைச் சந்தேகப்படுவதும் இல்லை. ஆனால் தென்னாப்பிரிக்கர்களான நம் உடம்புக்குள் போகும் உப்பில் பெரிய பங்கு ரொட்டி வழியாகத்தான் போகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் பல வருடமாகச் சொல்லிவரும் விஷயம். அதனால்தான் 2013இல் சுகாதார அமைச்சர் ஆரோன் மோட்சோஆலெடி கையெழுத்திட்ட உப்புச் சட்டத்தில் ரொட்டியும் வந்தது. 2016 ஜூன் முடிவுக்குள் 100 கிராம் ரொட்டியில் சோடியம் 400 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, 2019 ஜூன் முடிவுக்குள் 380. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வந்துவிடும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன், நாள் முழுவதற்கும்.

இப்போது ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றும் நம் ஊர் பன்னி சௌவை எடுத்துக்கொள்ளுங்கள். 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு என்றால் 175 கிராம். சட்டம் அனுமதிக்கும் அளவே இருந்தாலும் அந்த ரொட்டியில் மட்டும் ஏறக்குறைய 1.7 கிராம் உப்பு. நாள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு முடிந்தது, கறி இன்னும் உள்ளே இறங்கவே இல்லை! காலையில் வேலைக்குப் போகிறவர் நான்கு துண்டு ரொட்டி கட்டிக்கொண்டு போனால் அதிலேயே ஒன்றரை கிராம் வந்துவிடும். அதற்குள் தடவிய மார்ஜரின், நடுவில் வைத்த பாலோனி (அரைத்த இறைச்சியில் செய்த சாசேஜ் துண்டு) எல்லாம் தனிக்கணக்கு. இதில் அம்மா எங்கே உப்புப் போட்டார்? ரொட்டியை வெட்டினார், அவ்வளவுதான்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. டர்பனில் துணி ஆலையில் வேலை பார்த்தவர். நகருக்கு வெளியே இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து இருட்டோடு பஸ் ஏறுவார். அதற்கு முன்பே எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு கட்டி வைத்திருப்பார். பருப்பு, கறி, ரசம் என்று சமைக்க நேரம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. மற்ற நாளெல்லாம் ரொட்டி, பாலோனி, டின் மீன் கறி, சம்பளம் வரும் வாரத்தில் வியன்னா சாசேஜ். அந்த ஆலையில் வேலை செய்த எல்லாப் பெண்களின் வீட்டிலும் இதே கதைதான். சோம்பேறித்தனம் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டபோது மருத்துவமனையில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "கறியில் எவ்வளவு உப்புப் போடுவீர்கள்?" அச்சார், அதாவது ஊறுகாய் சாப்பிடுவாரா, கருவாடு சாப்பிடுவாரா என்று கேட்டார்கள். ரொட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சூப் பவுடரைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மா வீட்டுக்கு வந்தபின் கறியில் உப்பே இல்லாமல் சாப்பிட்டார். எலுமிச்சை அச்சார் ஜாடியைத் தானே எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். அப்படியும் பிரஷர் இறங்கவில்லை. நோயாளிக்கு லேசான உணவு என்று தினமும் சாயங்காலம் பாக்கெட் சூப்தான். கடைசியில் எங்கள் தெருவில் இருந்த ஒரு நர்ஸ் அக்கா வந்து அலமாரியைத் திறந்து பாக்கெட் பாக்கெட்டாக எடுத்து மேசைமேல் வைத்தார். "இதை நிறுத்துங்கள், கறியில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கொடுங்கள், அந்த அம்மா நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடட்டும்" என்றார். மேடை ஏறிப் பேச வேண்டியவர் அந்த அக்கா.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் அதில் பெரிய மர்மம் இல்லை. சோடியம் அதிகமானால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரத்தத்தின் அளவு கூடுகிறது, குழாய்ச் சுவரில் அழுத்தம் கூடுகிறது. சிறுநீரகம் அதை வெளியே தள்ளப் படாத பாடு படுகிறது. வருடக்கணக்கில் இது நடந்தால் இதயத்தின் தசை தடிக்கிறது, மூளைக்குப் போகும் குழாய் அடைக்கிறது அல்லது வெடிக்கிறது. அதுவரை பெரும்பாலும் ஒரு வலியும் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியவில்லை.

சரி, இனி எனக்கு வந்த பதில்களுக்கு வருகிறேன்.

"அதுதான் சட்டம் வந்துவிட்டதே, இன்னும் என்ன?" என்று ஒரு அண்ணா கேட்டிருக்கிறார். சட்டம் வந்தது நல்லது, அதற்காக உழைத்தவர்களுக்குக் கோடி நன்றி. 100 கிராமுக்குச் சோடியம் வரம்பை பாக்கெட் சிப்ஸில் 650 மில்லிகிராமிலிருந்து 550, உடனடி நூடுல்ஸில் 1500இலிருந்து 800 என்று குறைத்தது சின்ன விஷயமே அல்ல. ஆனால் அண்ணா, அந்த 800 அளவிலேயே ஒரு 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட்டில் 1.4 கிராம் உப்பு இருக்கலாம். பள்ளிக்கூட டக் ஷாப்பிலிருந்து (தின்பண்டக் கடை) வரும் பிள்ளை அதைத் தண்ணீர் ஊற்றாமல் மொறுமொறுவென்று கடித்து, மசாலாவைக் கையில் கொட்டி நக்குகிறது. அப்புறம், சட்டம் குறிப்பிட்ட சில வகை உணவுகளுக்குத்தான். பொரித்த கோழிக்கடையில் வாளி வாளியாக விற்பதற்கு அதில் வரம்பு இல்லை. சுடச்சுடப் பொரித்த சிப்ஸ்மேல் கடைக்காரர் கொட்டும் உப்புத் தூளுக்கும் இல்லை. இன்னொன்று, இந்த நாட்டில் பாக்கெட்டின்மேல் ஊட்டச்சத்துப் பட்டியல் போடுவதே, ஏதாவது சத்துப் பெருமை சொல்லி விற்றால்தான் கட்டாயம் என்ற நிலைதான் இருந்துவந்தது. 2023இல் வெளிவந்த வரைவு விதிகளில் உப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு கூடுதலாக இருந்தால் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை முத்திரை போட வேண்டும் என்று வந்தது. சிலி நாட்டில் 2016இலேயே கறுப்பு முத்திரை வந்துவிட்டது. நம் மேடைகளில் இதைக் கேட்டுக் குரல் கொடுக்க ஒருவரையும் காணோம்.

"அச்சாரில் உப்பு இல்லையா, கருவாட்டில் இல்லையா?" இருக்கிறது. யார் இல்லை என்றார்கள்? ஆனால் அச்சாரை யாரும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவதில்லை. கருவாடு நம் முன்னோருக்கு ஆசைக்குச் சாப்பிட்ட பண்டமும் அல்ல. 1860இல் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே வந்த காலத்திலிருந்து கரும்புத் தோட்டத்து ரேஷனில் அரிசி, பருப்பு, உப்போடு சேர்த்து அளந்து கொடுத்தது அது. கொடுத்ததைச் சாப்பிட்டார்கள். என் ஆயா அதை இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துக் கழுவித்தான் சமைப்பார். உப்பை எடுக்கத் தெரிந்த கை அது. அந்தக் கையைத்தான் சனிக்கிழமை கேலி செய்தார்கள்.

"வீட்டிலும் உப்புப் போடுகிறார்களே, கணக்கில் அதுவும் உண்டு" என்று இரண்டு பேர் புள்ளிவிவரத்தோடு வந்தார்கள். உண்டு. வீட்டு உப்பையும் குறைக்கத்தான் வேண்டும், நானே குறைத்துத்தான் சமைக்கிறேன். அது ஒரு வரியில் முடிகிற விஷயம். பாதிக்கு மேல் வருகிற இடத்தைப் பேசாமல் மீதியை மட்டுமே பேசுவது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

இமயமலை ரோஜா உப்பு வாங்கச் சொன்னவர்களுக்கு: அதுவும் சோடியம் குளோரைடுதான். விலைதான் வேறு. நம் கடைகளில் விற்கும் சாதாரண மேசை உப்பில் 1995இலிருந்து அயோடின் கட்டாயம், அதையும் ஏன் இழக்க வேண்டும்? பொட்டாசியம் கலந்த உப்பு சிலருக்கு நல்லதுதான். சீனாவில் கிராமங்களில் நடந்து 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில் பக்கவாதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

உப்பைக் குறைத்தால் ருசி போய்விடும், ஜனங்கள் வாங்க மாட்டார்கள் என்று கம்பெனிக்காரர்களுக்காக வாதாட நம்மிலேயே ஆள் இருப்பதுதான் எனக்கு வருத்தம். நாக்கு பழகிக்கொள்ளும். பிரிட்டனில் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2001 வாக்கில் சராசரி ஒருவர் நாளொன்றுக்கு 9.5 கிராம் உப்புச் சாப்பிட்ட நாடு 2011இல் 8.1 கிராமுக்கு வந்தது. ரொட்டி வாங்குவதை யாரும் நிறுத்தவில்லை. உப்பு மலிவான பொருள். பாலோனியில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, எடை கூடுகிறது. மட்டமான சரக்கின் ருசியை மறைக்கிறது, கெடாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் போடுகிறார்கள். நம் ருசிக்காக என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

புரட்டாசி வந்தால் பாருங்கள். மாமிசம் நிறுத்துகிறோம், நல்லது. அந்த மாதம் முழுக்க வேலைக்குப் போகும் பெண்கள் எதை வைத்துச் சமாளிக்கிறார்கள்? சோயா மின்ஸ் பாக்கெட், சைவ சாசேஜ். மசாலாவோடு உப்பும் சேர்ந்தே வருகிறது. விரதம் இருக்கிறவர் உடம்புக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சாப்பிடுகிறார். இதை யார் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்? சுகாதார தினம் நடத்துகிறவர்கள்தானே?

"நல்ல காரியம் செய்ய வந்தவரை ஏன் தாக்குகிறாய், அவர் இலவசமாக வந்தார்" என்று ஒரு மாமி மனம் நொந்து எழுதியிருந்தார். மாமி, நான் அவரைத் தாக்கவில்லை. அவர் படித்தவர், அதனால்தான் கேட்கிறேன். சமைத்த பெண்களும் இலவசமாகத்தான் வந்தார்கள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பைப் பார்த்துப் பார்த்துப் போட்டவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா, அவருக்கே பிரஷர் உண்டு. பேச்சு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "நான்தான் எல்லோருக்கும் வியாதி கொடுத்தேனாம்மா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். கணவருக்குப் பக்கவாதம் வந்து ஏழெட்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர். இனி ராத்திரி படுத்தால் அந்தக் கேள்விதான் வரும் அவருக்கு. அதை யார் எடுப்பது?

அந்த மேடையில் ஒரு பெண் இல்லை. ஆடிக்குக் கஞ்சி ஊற்ற, காவடிக்குச் சமைக்க, மண்டபம் கழுவ நாங்கள் வேண்டும். வியாதிக்குக் காரணம் சொல்லவும் நாங்கள் வேண்டும். பை கொடுத்த ஸ்பான்சரின் பெயர் மட்டும் பேனரில் பெரிய எழுத்தில்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன். கோயில் நிகழ்ச்சியில் இனிமேல் இந்தப் பாக்கெட் பைகள் கொடுக்கக்கூடாது. அடுத்த ஆரோக்கிய தினத்தில் ரொட்டி, பாலோனி, நூடுல்ஸ் பாக்கெட்டை மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை டீஸ்பூன் உப்பு என்று அளந்து காட்ட வேண்டும். அளந்து காட்டுவது அந்தப் பெரியம்மாவாக இருக்கட்டும், மைக்கும் அவர் கையில் இருக்கட்டும். என்னோடு வருகிறவர்கள் பெயரைக் கீழே போடுங்கள். வராதவர்கள் தயவுசெய்து மறுபடி அச்சாரைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள்.