மாட்டுப் புண்ணும் நிப்ளிங்கின் ஈயும்

மாட்டுப் புண்ணில் புழு வைக்கும் ஈயை ஒழிக்க வழி கண்ட அமெரிக்கப் பூச்சியியலாளர் எட்வர்ட் நிப்ளிங் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கால்நடைப் புண்ணில் முட்டையிடும் அந்த ஈயின் பெண், பெரும்பாலும் ஒரே முறைதான் இணைசேரும். மொத்த வித்தையும் அதில்தான். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களை லட்சக்கணக்கில் விமானத்திலிருந்து விட்டார்கள். அவற்றோடு சேர்ந்த பெண் இட்ட முட்டை பொரிக்கவில்லை. 1954-இல் கரீபியன் கடலிலுள்ள குராசோ தீவில் சில மாதங்களிலேயே ஈ ஒழிந்தது.

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் அப்பத்தா வேப்பெண்ணெய் விடுவார் (அந்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது). இந்தியாவில் இருப்பது வேறு இனம், ஆனால் அதன் புழுவும் உயிருள்ள சதையைத்தான் தின்னும். அப்புறம், ‘ஈக்கெல்லாம் ஆராய்ச்சியா’ என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் மேலே சிரித்திருக்கிறார். அவர் மாடு வளர்த்ததில்லை போல.