ஒரே ஒரு துண்டுதானே சார்!

"ஒரே ஒரு துண்டுதானே சார், யார் பார்க்கப் போறாங்க?" என்கிறார் டைல்ஸ் பதித்த மேஸ்திரி.

நான் பார்ப்பேன் ஐயா! தினமும் அதன் மேல்தானே நடக்கிறேன்!

முன்னறைத் தரையில் டைல்ஸ் துண்டுகளால் லேபிரிந்த் போட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. கோடுகளுக்கு இடையே ஒரே பாதை சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகுமே, அந்த உருவம். முதலில் மயங்கியது பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் இருப்பதைப் பார்த்துத்தான். 13ஆம் நூற்றாண்டுத் தரை, 11 சுற்று, குறுக்களவு ஏறக்குறைய 13 மீட்டர். அதை 3 மீட்டருக்குச் சுருக்கிக் கணக்குப் போட்டால், பாதையும் கோடும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 10 சென்டிமீட்டர்தான் தேறுகிறது. பாதம் வைத்தால் பக்கத்துச் சுற்றில் இருக்கும். சரி, நமக்கு வேண்டாம் என்று 7 சுற்று வகைக்கு வந்தேன். கிரீட் தீவின் நாசஸ் நகரத்துப் பழைய நாணயங்களில் இந்த வகை வட்டமாகவும் இருக்கும், சதுரமாகவும் இருக்கும். வட்டம் என்றால் துண்டுக்குத் துண்டு வெட்ட வேண்டும். சதுரத்தை எடுத்துக்கொண்டேன். பாதையும் கோடும் சேர்த்து 25 சென்டிமீட்டர், அதில் 15 பங்கு அகலம், ஆக 3.75 மீட்டர். அறைக்குள் அளவாக உட்கார்ந்துவிட்டது.

வரைவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நடுவில் ஒரு கூட்டல் குறி, அதன் நான்கு மூலையிலும் ஒவ்வொரு ட வடிவ மடக்கு, வெளியே நான்கு புள்ளி. முனைகளை வரிசையாக வளைத்து வளைத்து இணைத்தால் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், பாதை வரிசையாக உள்ளே போகாது. வெளியிலிருந்து எண்ணினால் நுழைந்தவுடன் 3ஆவது சுற்று, அப்புறம் 2, 1, அங்கிருந்து 4, ஒரே தாவலாக 7, பிறகு 6, 5, கடைசியில் நடு. கிளை கிடையாது, முட்டுச்சந்து கிடையாது, வழி தவறவே முடியாது. இதை வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லி வாய் வலித்துவிட்டது. "ஓ, வழி கண்டுபிடிக்கிற விளையாட்டா?" இல்லைங்க, கிளை பிரிந்து வழி தவற வைப்பது மேஸ். அது வேறு!

மூன்று இரவு சாக்பீஸும் நூலுமாக முட்டி போட்டு வரைந்தேன். அறையின் இரண்டு மூலைவிட்டங்களும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம். எந்தப் புண்ணியவான் கட்டிய சுவரோ! ஓரப்பட்டையில் அதையும் சமாளித்தேன். கோட்டுக்கான ஒவ்வொரு கறுப்புத் துண்டின் முதுகிலும் எண் எழுதி, காகிதத்திலும் அதே எண்ணைக் குறித்து மேஸ்திரி கையில் கொடுத்தேன். ஒரே ஒரு மத்தியானம்தான் வெளியே போனேன்.

திரும்பி வந்தால் தரை பளபளவென்று இருக்கிறது. வாசலில் கால் வைத்து நடந்தேன். 3, 2, 1, 4... நாலில் பாதி தூரம் போனதும் பக்கத்தில் கறுப்புக் கோடு காணோம்! கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. அதைத் தாண்டினால் மறுபடி 3. அப்படியே 2, 1, 4, திரும்பவும் 3. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கலாம். அதுதான் வேண்டாம் என்றுதானே இத்தனை பாடு!

கேட்டால், "இந்தப் பக்கம் திறப்பு இருக்கு, அந்தப் பக்கம் அடைச்சிருந்துச்சு. ஜோடி சேரல சார். நான்தான் நேர் பண்ணினேன்" என்கிறார், பெருமையாக! இந்த உருவம் ஜோடி சேராது. வாசல்கூட நடுவில் வராது, கொஞ்சம் ஒதுங்கித்தான் இருக்கும். காகிதம் எதற்குக் கொடுத்தேன்? அது கலவைச் சட்டிக்கு அடியில் நனைந்து கிடந்தது. எண் போட்ட துண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, சாக்கு மூலையில்.

பெயர்க்கச் சொன்னேன். பசை இறுகிவிட்டதாம். உளி வைத்தால் பக்கத்தில் நாலு துண்டு சேர்ந்து உடையுமாம். மிச்சம் வைத்த துண்டுகளோ இரண்டே இரண்டு. "வேணும்னா கறுப்பு பெயிண்ட் அடிச்சுடலாம் சார்."

இப்போது அந்த வெள்ளைத் துண்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். தரை துடைக்கும்போதெல்லாம் ஓரம் சுருண்டு மாப்போடு வந்துவிடுகிறது.