பரிவு குறைந்தால் பணிச்சோர்வு குறையுமா?

"நோயாளிமேல் பரிவு காட்டும் செவிலியர்தான் சீக்கிரம் பணிச்சோர்வில் விழுகிறார், ஒட்டாமல் இருக்கப் பழகுங்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. மாஸ்லாக், ஜாக்சன் என்ற ஆய்வாளர்கள் 1981-இல் வெளியிட்ட பணிச்சோர்வை அளக்கும் அளவுகோலில், நோயாளியை மனிதராகவே பார்க்காத அந்த ஒட்டாமைதான் பணிச்சோர்வின் மூன்று கூறுகளில் ஒன்று. அறிகுறியையே மருந்து என்கிறீர்கள். 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பார்த்த 10 ஆய்வுகளில் 8, பரிவு கூடியவர்களிடம் பணிச்சோர்வு குறைவு என்றே காட்டின. எது காரணம், எது விளைவு என்பது அதில் தெளிவாகவில்லை. ஆனால் உங்கள் கூற்றுக்கு அது ஆதரவே இல்லை.

சரி, பரிவில் வலி இல்லையா? உண்டு. நோயாளியின் வேதனையைப் புரிந்துகொள்வது வேறு, அதைத் தன் வேதனையாகவே சுமந்து தவிப்பது வேறு. ஆளைக் குலைப்பது இரண்டாவதுதான். அப்புறம், ஆள் பற்றாக்குறையும் ஓயாத இரவுப்பணியும் உங்கள் பதிவில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?