டிஓஐ வாங்கினால் மட்டும் போதாது
ஆராய்ச்சிக் கோப்புகளை ஜெனோடோவில் (ஆராய்ச்சித் தரவைச் சேமித்துப் பகிரும் இணையக் களஞ்சியம்) ஏற்றி டிஓஐ (நிரந்தர அடையாள எண்) வாங்கிவிட்டால் தரவு 'ஃபேர்' (கண்டறிய, அணுக, பிற தரவோடு இணைக்க, மறுபயன்படுத்தத் தக்கது) ஆகிவிடும், ஐடி ஆள் ஒருவர் போதும், குழு எதற்கு என்று சிலர் எழுதுகிறார்கள். இது தவறு. டிஓஐ இருந்தால் தரவைக் கண்டுபிடிக்கலாம், மேற்கோள் காட்டலாம், அவ்வளவுதான். 2016இல் வெளியான ஃபேர் கோட்பாடுகள் மறுபயன்பாட்டுக்குத் தெளிவான உரிமம், தரவு எப்படி உருவானது என்ற விவரம், அந்தத் துறை ஏற்ற தரநிலைகள் எல்லாவற்றையும் கேட்கின்றன.

ஓர் அட்டவணையில் மழையளவு என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது, அது மில்லிமீட்டரா அங்குலமா, அதில் வரும் 0 உண்மையிலேயே மழை இல்லாத நாளா அல்லது யாரும் அளக்காத நாளா என்பதை, அளந்தவரோடு உட்கார்ந்து பேசாமல் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் எப்படிச் சொல்வார்? துறை ஆராய்ச்சியாளர் வேண்டும், மேல்தரவு (தரவைப் பற்றிய விவரக் குறிப்புகள்) தெரிந்த தரவுப் பொறுப்பாளர் வேண்டும், பகுப்பாய்வு நிரல்களைப் பிறரும் ஓட்டும்படி ஒழுங்குசெய்யும் நிரலர் வேண்டும். மனிதர்களைப் பற்றிய தரவு என்றால் ஒப்புதல் படிவமும் தனியுரிமைச் சட்டமும் அறிந்தவர் கட்டாயம். அப்புறம், ஃபேர் என்றால் எல்லாருக்கும் திறந்துவிடுவது என்று பொருளில்லை, யார் அணுகலாம் என்று கட்டுப்பாடு வைக்கத் தடையில்லை.

எல்லாரும் முழுநேரமாக இருக்க வேண்டியதில்லை, ஒரே தரவுப் பொறுப்பாளரைப் பல சிறு திட்டங்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே அவரைக் கூப்பிடுங்கள், ஏனென்றால் ஒப்புதல் படிவத்தில் பகிர்வதைப் பற்றி ஒரு வரி இல்லாவிட்டால் பிறகு அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.