குழியை மூட ரெண்டு நாள், சாலையைக் கட்ட?

கோலாலம்பூரில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா என்ற கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். 19 வருஷம் ஆகிறது. நான் இஞ்சினியர் இல்லை. ஆனால் ஒரு தெருவை மூடிப் போட்டால் அதை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை காலை. எங்கள் தெரு நடைபாதையில் நடந்து போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாவின் காலடியில் தரை விழுந்தது. ஊர் சுற்றிப் பார்க்க இந்தியாவிலிருந்து வந்தவர். 8 மீட்டர் ஆழம். பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்பு மீட்புப் படையினர், கழிவுநீர்க் குழாய்க்குள்ளேயே இறங்கித் தேடினார்கள், பந்தாய் டாலாம் சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் தேடினார்கள். ஒன்பதாம் நாள், சரியாகச் சுதந்திர தினமான ஆகஸ்ட் 31 அன்று, தேடுவதை நிறுத்தினார்கள். நாடு முழுக்கக் கொடி பறந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் 28ஆம் தேதி, ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளி இன்னொரு குழி. அந்த அம்மா விழுந்த காணொளியை இன்றுவரை நான் முழுசாகப் பார்க்கவில்லை. தயவுசெய்து யாரும் எனக்கு அனுப்பாதீர்கள்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நாங்கள் என்ன கேட்டோம் என்பதை. நாங்கள் என்றால் தெருவில் கடை வைத்திருக்கிறவர்கள், என்னையும் சேர்த்து.

"சீக்கிரம் மூடுங்க, தார் போடுங்க, தடுப்ப எடுங்க." இதைத்தான் கேட்டோம். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. ரவிக்கைக்காரிக்கு வருஷச் சோறு செப்டம்பரில் வரும் துணியில்தான் இருக்கிறது. அந்த செப்டம்பரில் கடையில் ஈ ஓட்டினேன். கிள்ளானிலிருந்து வழக்கமாக வரும் அக்கா போன் போட்டு, "நீயே வந்து துணிய வாங்கிக்கிறியா? பிள்ளைங்க என்னை அந்தப் பக்கமே விட மாட்டேங்குதுங்க" என்றார். கொமுட்டர் ரயில் ஏறிப் போய் வாங்கி வந்தேன். அளவுக்குப் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்தார், அது அவர் பத்து கிலோ கூடுவதற்கு முன்னால் தைத்தது. அந்தக் கூத்தை இன்னொரு நாள் சொல்கிறேன். வாடகை மட்டும் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் குறையவில்லை.

அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் எல்லாரும் ஒரு ஜப்பான் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஃபுக்குவோகா நகரம், ஹகாத்தா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய சாலை, 2016 நவம்பர் 8. முப்பது மீட்டர் அகலத்துக்குப் பள்ளம், 15 மீட்டர் ஆழம். 'ரெண்டே நாளில் மூடிவிட்டான் ஜப்பான்காரன், நம்ம ஆளுங்களப் பாரு' என்று கீழே எழுதியிருக்கும். நானும் நாலு குழுவுக்கு அனுப்பினேன்.

கோபம் ஆறிய பிறகுதான் அந்தக் கதையை முழுசாகப் படித்தேன். சாலைக்கு அடியில் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் உள்ளே தண்ணீர் வரத்து மாறியதைத் தொழிலாளிகள் கவனித்து, வெளியேறி, மேலே சாலையை மறிக்கச் சொன்னார்கள். மறித்த சில நிமிஷத்தில் தரை இறங்கியது. ஒரு உயிர் போகவில்லை. சிமெண்டு கலந்த மண்ணைக் கொட்டி ரெண்டு நாளில் நிரப்பியது உண்மை. குழாய், கம்பி எல்லாம் சேர்த்து ஒரு வாரத்தில் வண்டி ஓடியதும் உண்மை. ஆனால் அதே மாதம் 26ஆம் தேதி அந்த இடம் 7 சென்டிமீட்டர் மறுபடி இறங்கியது, திரும்பவும் சில மணி நேரம் மூடினார்கள். அடியில் போன ரயில் பாதையை 2020இல் திறப்பதாக இருந்தது, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். மேலே ஒரு வாரம், கீழே ஆறு வருஷத்துக்கு மேல். வாட்ஸ்அப்பில் வந்தது மேலே உள்ள ஒரு வாரம் மட்டும்.

வேகம் தப்பு என்று நான் சொல்லவில்லை. 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நிலநடுக்கத்தில் சான்டா மோனிகா நெடுஞ்சாலைப் பாலங்கள் விழுந்தன. குத்தகையாளருக்கு 140 நாள் கெடு. ஒரு நாள் முந்தினால் 2 லட்சம் டாலர் கூடுதல், ஒரு நாள் பிந்தினால் அதே தொகை அபராதம். ராத்திரி பகலாக வேலை பார்த்து 66 நாளில் முடித்துவிட்டார்கள். அது ஏன் முடிந்தது? எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று தெரியும். பழைய தூண்களில் குறுக்குக் கம்பி போதாது. புதுத் தூணில் போதுமான கம்பி கட்டினால் தீர்ந்தது. நோய் தெரிந்த பிறகு மருந்து எவ்வளவு சீக்கிரம் கொடுத்தாலும் நல்லதுதானே.

எங்கள் தெருவின் நோய் அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற தூணில் இல்லை. கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. பத்துமலையில் எந்தப் பாறைக்குள் படியேறிப் போய் முருகனைக் கும்பிடுகிறோமோ, அந்த ஜாதிப் பாறைதான் நகரத்துக்கு அடியிலும் புதைந்து கிடக்கிறது, அதற்கும் பொந்து உண்டு. அதன் மேல் ஆற்று மண். அதற்குள் பல காலத்துக் குழாய்கள். குழாய் மூட்டு ஒன்று விட்டுப்போனால் சுற்றியுள்ள மண் சொட்டுச் சொட்டாகக் குழாய்க்குள் கரைந்து போகும். வெற்றிடம் மெல்ல மேலே ஏறும். தாரும் கல்லும் பாலம் மாதிரி கொஞ்ச காலம் தாங்கும். மேலே நடக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, பிறகு ஒரு நாள் தாங்காது. இழை இற்றுப்போன பட்டில் ஒட்டுப்போட்டால் ஒட்டு நிற்கும், அதைச் சுற்றிக் கிழியும். எந்தத் தையல்காரியைக் கேட்டாலும் சொல்வாள்.

அப்படியானால் இப்படி ஒரு தெருவைத் திரும்பக் கட்டும் திட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும்? சாலை, மாநகர மன்றமான டிபிகேஎல் பொறுப்பு. குடிநீர்க் குழாய் ஆயர் சிலாங்கூர், கழிவுநீர் இண்டா வாட்டர், மின்சாரம் தெனாகா, அதுபோகத் தொலைபேசிக் கம்பிகள். ஒரே பள்ளத்தில் இத்தனை பேர் குடித்தனம். நில அளவை இலாகா, அதுதான் ஜூபெம், நிலத்தடிக் குழாய்களை எப்படி வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று 2006லேயே வழிகாட்டி போட்டிருக்கிறது. அதில் தரத்துக்கு நாலு படி. கடைசிப் படி D, பழைய காகிதத்தில் இருப்பதைப் பார்த்து வரைவது. C, மேலே தெரியும் மூடிகளை அளந்து ஒப்பிடுவது. B, ரேடார் மாதிரிக் கருவியால் கண்டுபிடிப்பது. A என்றால் தோண்டி, குழாயைக் கண்ணால் பார்த்து அளப்பது. ஓர் உயிர் போன தெருவுக்கு A தவிர வேறு எதையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. புத்ராஜெயாவில் எல்லாக் குழாயும் கம்பியும் ஆள் நடமாடக்கூடிய ஒரே சுரங்கத்துக்குள் போகின்றன, பழுது பார்க்கச் சாலையைத் தோண்ட வேண்டியதே இல்லை. பழைய நகரத்தில் அது சுலபமில்லை, செலவும் பயங்கரம். ஆனால் எப்படியும் தோண்டியே ஆக வேண்டிய சில தெருக்களிலாவது அதை யோசிக்கலாமே.

A தரத்துக்குத் தோண்ட நாள் பிடிக்கும். நாள் பிடித்தால் நாங்கள் கூப்பாடு போடுவோம். சிக்கல் இங்கேதான், அதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவில் இதே கதை நடந்தது. 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தில் எம்பார்காடெரோ என்ற இரண்டடுக்கு மேம்பாலச் சாலை சேதமானது. கடற்கரையை மறைத்துக்கொண்டு நின்ற அசிங்கம் அது, இடித்துத் தள்ளலாம் என்றார் மேயர் ஆர்ட் அக்னோஸ். கூடாது, பழுது பார்த்துத் திறங்கள் என்று நின்றவர்கள் சைனாடவுன் கடைக்காரர்கள். வாடிக்கையாளர் காரில் வந்து இறங்கும் வழியே அதுதான். வியாபாரம் படுத்துவிட்டது. 1991இல் பாலத்தை இடித்தார்கள், அதே வருஷம் தேர்தலில் மேயரும் தோற்றார். இன்றைக்கு அந்தக் கடற்கரைச் சாலையை உலகமே வந்து பார்க்கிறது. ஆனால் பாலத்துக்குப் பதிலாகச் சைனாடவுனுக்குத் தருவதாகச் சொன்ன நிலத்தடி ரயில் எப்போது வந்தது தெரியுமா? 2022 நவம்பரில். நிலநடுக்கம் நடந்து 33 வருஷம். இதைப் படித்தபோது எனக்கு மேயர் மேலும் கோபம் வரவில்லை, கடைக்காரர்கள் மேலும் வரவில்லை. இடித்தது சரி. கடைக்காரன் பயந்ததும் சரி. பாலம் இடிந்த அன்றைக்கே அவன் வயிற்றுக்கு ஒரு வழி சொல்லியிருந்தால் அவன் ஏன் குறுக்கே நிற்கப் போகிறான்?

அதே நிலநடுக்கத்தில் பக்கத்து ஊரான ஓக்லாந்தில் சைப்ரஸ் மேம்பாலம் மடிந்து 42 பேர் செத்தார்கள். கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதியை 1950களில் ரெண்டாகப் பிளந்து போட்ட பாலம் அது. இடிந்த பிறகு, அதே இடத்தில் திரும்பக் கட்ட விடமாட்டோம் என்று அந்த மக்கள் நின்றார்கள். வழியை மாற்றி, 1997இல்தான் புதுச் சாலை திறந்தது. பழைய இடம் இப்போது மரம் நட்ட வீதி, மண்டேலா பெயரில். அரசாங்கத்துக்கு எட்டு வருஷம் தலைவலி. அந்தத் தலைவலியை நான் மதிக்கிறேன்.

அதனால் நான் இப்போது கேட்பது வேறு. சாலையை மூடும் உத்தரவு வரும்போதே, மூடிய நாளுக்கு இத்தனை வெள்ளி என்று கடைகளுக்குப் பணமும் அந்த உத்தரவோடு வர வேண்டும். மனு எழுதி, போட்டோ பிடித்து, வரிசையில் நின்று வாங்கும் உதவி எனக்கு வேண்டாம். அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், மல்லிகைப்பூ விற்கும் பாட்டிக்கும் அந்தப் பணம் போக வேண்டும், அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று அன்றைக்குக் கேட்காதீர்கள். சாலை மூடும் செலவில் எங்கள் நஷ்டத்தையும் எழுதிவிட்டால், "சீக்கிரம் சீக்கிரம்" என்று கழுத்தைப் பிடிக்க ஆள் இருக்காது. இஞ்சினியர் நிம்மதியாகத் தோண்டிப் பார்ப்பார். இதற்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுகிறவர்கள், இன்னொரு குழிக்கு எவ்வளவு ஆகும் என்றும் போடட்டும்.

தோண்டிப் பார்த்ததைத் தெருவில் ஒட்டுங்கள். மலாய், தமிழ், சீனம், வங்காளி, எல்லாவற்றிலும். எந்தக் குழாய் எந்த வருஷத்தது, எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்று. எங்களுக்குப் புரியாது என்று நினைக்க வேண்டாம். ஜாக்கெட்டுக்கே கட்டிங் பேப்பர் படிக்கிறவள் நான்.

போன மாதம் வேறொரு வட்டாரத்தில், பேர் வேண்டாம், அஞ்சடியை ஒட்டி மூன்று பேர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்துக்குள் கறுப்பாக ஒரு பழைய குழாய், தொடை மொத்தம் இருக்கும், ஓரத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. அது என்ன குழாய் என்று மலாயில் கேட்டேன். வங்காளதேசத்துப் பையன், கையில் இருந்த வரைபடத்தை எனக்குத் திருப்பிக் காட்டி, "டாலாம் பேத்தா தாக் அடா, கக்கா" என்றான். வரைபடத்தில் இது இல்லை அக்கா.

கேபிளைப் போட்டார்கள், மண்ணைத் தள்ளினார்கள், நான் தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் மேலே கல்லைப் பதித்துவிட்டார்கள்.