கலங்குவது அவிசுவாசமா?

விசுவாசம் உள்ளவர்கள் துன்பத்தில் கலங்க மாட்டார்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், மற்றதெல்லாம் சரி, அந்த ஒரு வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அம்மா இறந்த பிறகு பல மாதம் எனக்குச் சொந்த வார்த்தையில் ஜெபமே வரவில்லை, அப்போது கைகொடுத்தது சங்கீதம் 88, பைபிளில் உள்ள ஜெபப் பாடல்களில் ஒன்று. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும், இது இருளிலேயே முடிகிறது, ஆனாலும் பாடுகிறவர் இரவும் பகலும் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார். அதுவும் வேதத்தில் உள்ள ஜெபம்தானே!

தீர்க்கதரிசி எலியாவைப் பாருங்கள், பைபிளில் 1 இராஜாக்கள் புத்தகம், 19ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் பாகால் தீர்க்கதரிசிகளை எதிர்த்து அவ்வளவு பெரிய வெற்றி கண்டவர், தன்னைக் கொல்லத் துணிந்த ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து ஒரு வார்த்தைகூடக் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டு மறுபடி படுத்துவிடுகிறார், திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். கேள்வி, பதில் எல்லாம் அப்புறம்தான். இயேசுவும் இறந்துபோன நண்பன் லாசருவுக்காகக் கண்ணீர் விட்டார், அவனை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும்.

அதனால் துக்கத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது வசனம் சொல்லும் அவசரம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நின்ற யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை அவர்கள் செய்தது சரி. அவன் துன்பத்துக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அவன் வேதனை கூடியது.