கேமரா சலானும் செல்லும்

ஒருவர், போலீஸ் நேரில் வண்டியை நிறுத்தாமல் கேமரா மட்டும் பிடித்த அதிவேகச் சலான் செல்லாது, கட்டத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்வதால் சொல்கிறேன்: அது சரியில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 136ஏ பிரிவு, மின்னணுக் கண்காணிப்புக்கு வழி செய்கிறது. அதற்கான 167ஏ விதி 2021 ஆகஸ்டில் வந்தது. யாரும் கைகாட்டி நிறுத்தியிருக்க வேண்டும் என்று அதில் இல்லை. கேமராவுக்குத்தான் நிபந்தனைகள் உண்டு: கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், படத்தில் நம்பர் பிளேட், அளந்த வேகம், தேதி, நேரம், இடம் இருக்க வேண்டும், குறித்த நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். எதிர்த்து வாதாட வேண்டுமென்றால் இங்கேதான் பிடி இருக்கிறது. ‘யாரும் நிறுத்தவில்லையே’ என்பது எடுபடாது.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சட்டங்களுக்கான அரசுத் தளமான இந்தியா கோடில் 136ஏ பிரிவைப் படியுங்கள், சின்னப் பிரிவுதான். அப்புறம் அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் எண்ணைப் போட்டு விவரத்தையும் படத்தையும் பாருங்கள். (குறுஞ்செய்தியில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள், போலிகள் ஏராளம். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள்.) படத்தில் இருப்பது உங்கள் வண்டி இல்லையென்றால் அதையே ஆதாரமாக வைத்து ஆட்சேபியுங்கள். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (இணையவழியே நடக்கும் நீதிமன்றம்) போயிருந்தால், அந்தத் தளத்திலேயே அபராதம் கட்டவும் எதிர்க்கவும் தனித்தனி வாய்ப்பு இருக்கிறது.